உப்பு: தேவையான அளவு

“சமையல் நோட்டுல உப்பு தேவையான அளவுன்னு எழுதியிருக்கியேம்மா, யாருக்குத் தேவையான அளவு?” என்று மகள் ஏழு வயதில் கேட்டாள்.

“போய் வீட்டுப்பாடத்தை எழுது” என்று பதில் சொன்னாள் கரண்டியக்கா.

ஆறு வருடம் கழித்து, ஒரு புதன்கிழமை, கிட்டத்தட்ட அதே கேள்வியைப் பதிப்பாளர் தொலைபேசியில் கேட்டார். அவரை வீட்டுப்பாடம் எழுதச் சொல்ல முடியாது.

“அறுபது பக்குவம் அனுப்பியிருக்கீங்க. அறுபதுலயும் உப்பு தேவையான அளவு. புத்தகம் வாங்கினவங்க எவ்வளவுன்னு உங்க வீட்டுக்கு வந்து கேப்பாங்களா? திங்கட்கிழமைக்குள்ள அளவு வேணும். இல்லைன்னா இந்த வருஷம் புத்தகம் கிடையாது. அடுத்த வருஷமும் சந்தேகம்தான்.”

“இவ்வளவுதானே? வெள்ளிக்கிழமையே வந்துடும்” என்றாள்.

தன்னால் முடியுமா என்று அவள் யோசித்ததே இல்லை. மூன்று வருடமாக வாராவாரம் ‘கரண்டி’ என்ற பெயரில் மின்னஞ்சலில் ஒரு சமையல் கடிதம் எழுதுகிறாள். சந்தா கட்டியவர்களுக்கு மட்டும். கடிதத்தின் பெயரே அவளுக்கும் ஒட்டிக்கொண்டது. புத்தகம் போட ஒப்புக்கொண்டபோது பதிப்பாளர் ஒரு நிபந்தனை விதித்தார்: கடிதத்தில் வந்தது புத்தகத்தில் வரக் கூடாது. அன்றிலிருந்து அடுப்பில் எது கொதித்தாலும் வீட்டில் பஞ்சாயத்துதான். நல்லதைப் புத்தகத்துக்கு ஒதுக்கினால் சந்தாதாரர்கள் முகம் சுளித்தார்கள். கடிதத்துக்குக் கொடுத்தால் புத்தகம் இளைத்தது. காளான் சூப்பை வாயில் வைக்கும் முன், “இது சந்தாவுக்கா, புத்தகத்துக்கா? வெளியில பேசலாமா?” என்று கேட்டுக்கொள்ளக் கணவர் பழகியிருந்தார்.

எதற்காகச் சமைத்தாலும் அதில் ஒரு கிண்ணம், அடுக்குமாடியில் அதே தளத்து எதிர்வீட்டுக்குப் போய்விடும். அங்கே இருந்தவர், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அக்கா. தனிக்கட்டை. கதவைத் திறப்பார், கிண்ணத்தை வாங்குவார், “சரிம்மா” என்பார், கதவைச் சாத்துவார். மறுநாள் கிண்ணம் பளபளவென்று கழுவித் திரும்பி வரும்.

“நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா முத்து உதிர்ந்துடுமா?” என்பார் கணவர்.

“கிண்ணம் காலியா வருதுல்ல. எனக்கு அது போதும்.”

வியாழக்கிழமை கரண்டியக்கா கணினி முன்னால் உட்கார்ந்தாள். ‘தேவையான அளவு’ எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ‘ஒரு தேக்கரண்டி’ என்று மாற்றச் சொல்லி ஒரே ஒரு தட்டு. வேலை முடிந்தது. புத்தகம் இருந்த அதே கோப்பில்தான் அந்த வாரக் கடிதமும் இருந்தது என்பது மறுநாள் காலை கடிதம் போன பிறகுதான் தெரிந்தது.

“அக்கா, அரைக் கிலோ பருப்பு வேக ஒரு தேக்கரண்டி தண்ணி போதுமா?” என்று ஒருவர் கேட்டார்.

“நீங்களாவது கேட்டீங்க. நான் ஊத்தியே பார்த்துட்டேன். பாத்திரம் போச்சு” என்றார் இன்னொருவர்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. கடிதத்தின் கடைசி வரியாக, ‘உங்கள் அன்பு எனக்குத் தேவையான அளவு கிடைத்திருக்கிறது’ என்று உருக்கமாக எழுதியிருந்தாள். அது ‘உங்கள் அன்பு எனக்குத் ஒரு தேக்கரண்டி கிடைத்திருக்கிறது’ என்று போய்ச் சேர்ந்திருந்தது. நடுவில் ஒரு ‘த்’ போக்கிடமில்லாமல் நின்றது.

“சந்தாவை நிறுத்த எங்கே அழுத்தணும்?” என்று அடுத்தடுத்துக் கேட்க ஆரம்பித்தார்கள்.

“மாத்தினதைத் திருப்பி மாத்திட்டா முடிஞ்சுது” என்றாள் கரண்டியக்கா, அசராமல்.

“அம்மா, முதல்லயே ஒரு தேக்கரண்டியா இருந்ததெல்லாமும் சேர்ந்து…” என்று மகள் ஆரம்பித்தாள். அதற்குள் தட்டியாகிவிட்டது. திருத்திய கடிதமும் பறந்துவிட்டது. அதில் மிளகாய்த்தூள் தேவையான அளவு. சமையல் சோடா தேவையான அளவு.

மாலையில் ஒரு வாசகி புகைப்படம் அனுப்பினார். ‘கேக் தானாகவே அடுப்பை விட்டு வெளியே வந்துவிட்டது’ என்று கீழே எழுதியிருந்தார்.

தண்ணீர், எண்ணெய், மிளகாய்த்தூள், சோடா எல்லாவற்றையும் கரண்டியக்கா நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். உப்பு மட்டும் மிஞ்சியது. அது அவள் கைக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

சனிக்கிழமை கையைப் பிடித்தே கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. அவள் உப்பை அள்ளுவாள், மகள் குறுக்கே தராசை நீட்டி நிறுப்பாள். ஆனால் தராசைப் பார்த்ததும் கை, புகைப்படத்துக்கு நிற்கிறவர் மாதிரி விறைத்துக்கொண்டது. முதல் சூப்பில் உப்பே இல்லை. இரண்டாவதை ஒரு வாய் குடித்த கணவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“இது கடலுக்கா, புத்தகத்துக்கா?”

கடைசியில் நடந்ததை ஒளிக்காமல் சந்தாதாரர்களுக்கே எழுதினாள். ‘நீங்கள் எவ்வளவு உப்புப் போடுகிறீர்கள், சொல்லுங்கள்.’ பதில்கள் வந்து குவிந்தன. “கோவமா இருந்தா கொஞ்சம் கூட.” “மாமியார் இருந்தா ரெண்டு சிட்டிகை கம்மி, ஊருக்குப் போனதும் சரிபண்ணிக்குவேன்.” போதாக்குறைக்கு, புத்தகத்துக்கென்று பூட்டி வைத்த அறுபதை அவர்களில் யாரும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

ஞாயிறு காலை முதன்முறையாக, தன்னால் முடியாதோ என்று அவளுக்குத் தோன்றியது. அடுப்படியிலேயே கண்ணை மூடினாள். “கடவுளே, எத்தனையோ கேட்டிருக்கேன். உப்பு கேட்டதில்லை. இந்த ஒரு தடவை.”

அழைப்புமணி அடித்தது. கையில் நீள நோட்டோடு எதிர்வீட்டு அக்கா நின்றார்.

“நானும் சந்தா கட்டினவதானே. கடிதம் பார்த்தேன். இந்தா.”

தேதி, பதார்த்தம், அதில் இருந்த உப்பு, நான்கு பேருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. மூன்று வருடத்துக் கிண்ணங்களும் பிசகாமல் வரிசையாக இருந்தன. புத்தகத்துக்கான அறுபதும் உட்பட.

“அக்கா, இதை எப்படி…”

அவர் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்துக் காட்டினார். “இதை முக்கினா உப்பு தெரிஞ்சுடும். கெட்டியா இருந்தா தண்ணில கரைச்சுக்குவேன். முப்பது வருஷம் லேப்ல இருந்த கை, அளக்காம விடாது. டாக்டர் வேற உப்பு விஷயத்துல கறாரா இருக்கச் சொல்லியிருக்கார். சரிம்மா.” எதிர்க் கதவு சாத்திக்கொண்டது.

அன்று மாலையே அளவுகள் போய்ச் சேர்ந்தன. திங்கட்கிழமை காலை பதிப்பாளர் கூப்பிட்டார். “கிராம் சுத்தமா இருக்கு. புத்தகம் உறுதி” என்றார். ‘த்’ விஷயத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துவிட்டுச் சந்தாதாரர்களும் பெரும்பாலும் திரும்பி வந்தார்கள்.

நோட்டைத் திருப்பிக் கொடுக்க எடுத்தபோது அதன் பின்னட்டை கரண்டியக்காவின் கண்ணில் பட்டது. ‘ஒரு வேளைக்கு எனக்கு அனுமதி’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு சின்ன எண். உள்ளே இருந்த கிண்ணங்களில் ஒன்றுகூட அந்த எண்ணுக்குள் அடங்கவில்லை.

மகள் ஏழு வயதில் கேட்டதற்கு அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. அன்புதான் என்றாலும், அது யாருக்குப் போகிறது என்று பார்த்தல்லவா பரிமாற வேண்டும்?

மகள் பள்ளிக்கும் கணவர் கடைக்கும் போயிருந்த மதிய வேளையில் பூசணிக்காய் சூப் வைத்தாள். சுட்ட பூண்டு, மிளகு, எலுமிச்சைச் சாறு. உப்பு ஒரு கல் இல்லை. சந்தாவுக்கும் இல்லை, புத்தகத்துக்கும் இல்லை. கிண்ணத்தை மூடி, நோட்டோடு எதிர்வீட்டு வாசல் முக்காலியில் வைத்துவிட்டு, மணியடிக்காமல் திரும்பினாள். மாடிப்படியில் ஒரு ஈ, காக்கை இல்லை.

மறுநாள் கிண்ணம் வழக்கம்போலப் பளபளவென்று வந்தது.

புதன்கிழமை கடைக்குப் போகும்போது வாசல் காவலாளி எழுந்து வந்தார்.

“ஏங்கக்கா, எதிர்வீட்டம்மாவுக்கு என் மேல ஏதாவது வருத்தமா?”

“இல்லையே. ஏன் கேக்கறீங்க?”

“மூணு வருஷமா நீங்க குடுக்கிற கிண்ணத்தை அப்படியே கொண்டாந்து என்கிட்ட குடுத்துடுவாங்க. முந்தாநாள் நானே கேட்டுப் பார்த்தேன். ‘இது எனக்கு’ன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டாங்க.”