ரெண்டு டிஸ்க்கும் ஒரு மெயின் சுவிட்சும்

இனி அந்த அருள்தாஸ் இந்த வாசல்படியை மிதிக்கக் கூடாது! வில்லியனூர் உரக்கடையைப் பூட்டிவிட்டு ஒதியம்பட்டு வீட்டுக்கு வண்டியை விரட்டும்போதே தெய்வசிகாமணி தீர்மானித்துவிட்டார். தீர்மானத்தில் ஒரு குறையும் இல்லை. அதை மனைவியிடம் சொல்லும் தைரியம்தான் கொஞ்சம் குறைவு.

மனைவி அர்ச்சனா, முன்னறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோ எடிட் செய்பவள். சுற்றுவட்டாரக் கல்யாணங்கள் அத்தனையும் அவள் மேஜைக்கடியில் ஒரு பொட்டிக்குள் இருந்தன. பொட்டிக்குள் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதிவாகும். ஒன்று செத்தாலும் இன்னொன்று காப்பாற்றும். போன வாரம் ஒன்று செத்தது. புதுச்சேரியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அருள்தாஸ் வந்து புது டிஸ்க் மாட்டினான். பழையதில் இருப்பதெல்லாம் புதியதில் ஏறி முடிய வேண்டும். அதற்குள் பழையதும் மண்டையைப் போட்டால், ஊரில் பாதிப் பேர் தாலி கட்டியதற்குச் சாட்சியே கிடையாது.

எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க லேப்டாப்பில் ஒரு கறுப்புத் திரை. அருள்தாஸ் சொல்லிக் கொடுத்த ஒரு வரியை அடித்தால் சதவீதம் வரும். பக்கத்தில் ஆங்கில 'யு' எழுத்து ஒன்று, அதையொட்டி வெறும் கோடு ஒன்று. எல்லாம் ஏறி முடிந்தால் கோடு போய், இரண்டு 'யு' ஜோடியாக நிற்குமாம். அந்த வெறும் கோட்டைப் பார்த்தபோதெல்லாம் தெய்வசிகாமணிக்குத் தன்னைப் பார்ப்பது போலவே இருந்தது.

"இருபத்தி மூணு சார்... ஆமா சார், அழகா ஏறுது சார்... சரிங்க சார்."

அர்ச்சனா போனை வைத்தாள்.

"இன்னா சொல்றான்?"

"பொறுமையா இருக்கச் சொல்றாரு."

"ஒரு போனுக்கு எத்தினி சாருடி? கல்யாணம் ஆயி இத்தினி வருஷத்துல என்னை ஒரு சார் போட்டிருப்பியா?"

"நீங்க இன்னா ரிப்பேர் பண்ணீங்க, சொல்லுங்க. போட்டுடறேன்."

"இதோ, இந்த ஃபேன்..."

"அது இன்னும் கத்திக்கினுதான் இருக்கு."

தெய்வசிகாமணிக்கு வயிறு எரிந்தது. நேராகக் கொல்லைப்பக்கம் போனார். மெயின் சுவிட்சை அமுக்கினார். வேலை கெட்டால் அருள்தாஸின் பவுசு தெரிந்துவிடுமே!

"ஐயோ, கரண்ட்டு போச்சே!" என்று உள்ளே அலறல் கேட்டது.

"போச்சாம்மா? அடடா!" என்று பதறியபடி வந்தார்.

"பக்கத்து வூட்ல விஜயராணி அக்கா டீவி பாடிக்கினு இருக்கே?"

"அவங்க வேற லைனு."

"அப்படியா?" என்றாள் அர்ச்சனா.

மறுபடி கரண்ட் வந்ததும் திரை பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. அவர் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. அருள்தாஸ் நேரிலேயே வந்துவிட்டான். அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தான். வாழைக்காய் பஜ்ஜி தின்றான். கடுப்பில் மறுநாளும் மெயினை அமுக்கினார். மறுநாளும் அருள்தாஸ் வந்தான், இந்த முறை கேசரியோடு சேர்த்துக் கவனிப்பு. அவனை விரட்ட அமுக்கிய சுவிட்ச், அவனை வரவழைக்கும் காலிங் பெல் ஆகிவிட்டதே என்று தெய்வசிகாமணி நொந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அர்ச்சனா குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னாங்க, நான் ஒரு வேலையா வெளிய போவணும். இன்னிக்கு இதை நீங்கதான் பாத்துக்கணும்."

"ஏன், உங்க சாரு வரலயா?"

"ஆயிரம் சார் வந்தாலும் வூட்டு ஆம்பள மாதிரி ஆவுமா? உங்களத்தான் நம்பி இருக்கேன். திரையை உட்டு நகரக் கூடாது, ஆமா!"

தெய்வசிகாமணி உச்சி குளிர்ந்து போனார். எங்கே போகிறாள், யாரோடு போகிறாள் என்று கேட்கவும் மறந்தார். கொல்லைப்பக்க மெயின் பெட்டிக்குத் தானே பூட்டுப் போட்டுச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். பொட்டிக்குக் கரண்ட் குறையக் கூடாதென்று ஃபேனையும் நிறுத்தினார்.

விஜயராணி வாளியோடு வந்தாள். "அண்ணே, எங்க கிரைண்டர் ஓடல. உங்க வூட்ல கொஞ்சம் மாவு ஆட்டிக்கட்டா?"

"இன்னிக்கு இந்த வூட்ல ஒரு சுவிட்ச்சும் போடக் கூடாது. போம்மா!"

வியர்வை ஊற்ற ஊற்ற ஒற்றை விரலால் அந்த வரியை அடித்து அடித்துப் பார்த்தார். நாற்பது. அறுபது. எண்பது. மேஜைக்கடியில் துண்டு போர்த்தி வைத்திருந்த பொட்டியிலிருந்து சத்தமே இல்லை. அருள்தாஸ் உட்கார்ந்தால் உறுமுகிறது, நமக்கு மட்டும் பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டதே என்று மீசையைத் தடவிக்கொண்டார். மத்தியானச் சோறுகூட மடியில் வைத்துத்தான் சாப்பிட்டார்.

சாயங்காலம் கோடு மறைந்தது. இரண்டு 'யு' ஜோடியாக நின்றன. ஒன்று தான், இன்னொன்று அர்ச்சனா! தெய்வசிகாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. பொட்டியைத் தட்டிக் கொடுக்கக் குனிந்து துண்டை விலக்கினார்.

உள்ளே பழைய மிக்ஸியின் அட்டைப்பெட்டி இருந்தது.

பதறிப்போய் போன் போட்டார். "அர்ச்சனா! பொட்டியக் காணோம்டி!"

"இங்கதான் இருக்கு. நேத்தே அருள்தாஸ் சார் கடைக்கு வந்துடுச்சு. நானும் காலையிலேருந்து இங்கதான் பக்கத்துல இருந்து பாத்துக்கினு இருக்கேன்."

"அப்ப நான் திரையில பாத்தது?"

"இங்க ஏறுனதுதான். நெட்டு வழியா அங்க தெரிஞ்சுது."

"அங்கயே வெச்சிப் பாக்கறதுன்னா, என்னை எதுக்குடி நாள் பூரா ஃபேன் இல்லாம ஒக்கார வெச்ச?"

"சும்மா உட்டிருந்தா பைக்க எடுத்துக்கினு வந்து, இங்க இருக்கற மெயினையும் அமுக்கியிருப்பீங்களே சார்!"