பட்டனைப் பற்றிப் பத்து நிமிஷம்

மதிப்பும் மரியாதையும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட தையற்காரன் எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம். தையல் மிஷினுக்கு மட்டும் கொஞ்சம் இருமல். முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் அலமாரியில் காணாமல்போன பெரிய அகராதியை எடுத்தது நான்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் அகராதி கேட்டால் ஊரைக் கூட்டிச் சிரிப்பீர்களே என்று துணிப்பைக்குள் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

எல்லாம் உங்கள் மருமகளால், என் மகளால் வந்தது. அவள் வகுப்பில் ஒவ்வொரு அப்பாவும் தன் தொழிலில் புழங்கும் ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பத்து நிமிஷம் பேச வேண்டுமாம். அந்தச் சீட்டை என்னிடம் காட்டாமல் பையிலேயே ஒளித்து வைத்திருந்தாள். கேட்டால், "வேணாம்ப்பா, டாக்டர் அப்பால்லாம் வர்றாங்க. நீங்க என்ன பேசுவீங்க?" என்கிறாள். சுருக்கென்றது, மச்சான். "பட்டனைப் பத்திப் பேசுறேன்டி. பட்டன் இல்லாம அந்த டாக்டர் சட்டை எப்படி நிக்குதுன்னு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் அகராதியை மூன்று நாள் எழுத்துக்கூட்டிப் படித்தேன். என்ன அதிசயம்! பழைய பிரெஞ்சுக்காரன் பேச்சில் பட்டன் என்றால் மொட்டாம்! அதற்கும் பின்னால் போனால் முட்டித் தள்ளுவதாம்! முப்பது வருஷமாகச் சட்டை சட்டையாக மொட்டு வைத்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை! இதைச் சொல்லி, காஜா ஓட்டைக்குள்ளிருந்து பட்டன் முட்டிக்கொண்டு எட்டிப்பார்ப்பதைக் காட்டினேன், வகுப்பே வாயைப் பிளந்தது. முன்வரிசைப் பிள்ளை ஒன்று, "அப்ப லிஃப்ட் பட்டனை யார் தைச்சாங்க?" என்றது. "அது பார்க்க நம்ம பட்டன் மாதிரி இருந்துச்சா, பேரை இரவல் வாங்கிக்கிச்சு. என் மச்சான் என் சட்டையை வாங்குற மாதிரி" என்றேன். கோபிக்காதீர்கள், உங்களுக்குத்தான் பெரிய கைதட்டல்.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து உங்கள் மருமகள் எழுந்து நின்று, "எங்கப்பா கண்ணை மூடிக்கிட்டே பட்டன் தைப்பாரு!" என்று கத்தினாள் பாருங்கள், காலரில் குத்தியிருந்த ஊசியை உடனே உருவிவிட்டேன். தலைமையாசிரியர் கோட்டில் ஒரு பட்டன் தொங்கிக்கொண்டிருந்தது. "எங்கே, தைங்க பார்ப்போம்" என்று நெஞ்சை நிமிர்த்தி முன்னால் வந்து நின்றார். கண்ணை இறுக்கி மூடினேன். ஒரே நிமிஷம்! பல்லால் நூலைக் கடித்துவிட்டு நிமிர்ந்தால் மேஜையெல்லாம் தட்டுகிறார்கள். மகள் வாசல்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். டாக்டர் அப்பா பின்னால்தான் வந்தார், மச்சான், பின்னால்!

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் ஆளுக்கொரு முழம் வளர என் ஆசி; வளர்ந்தால் தைக்க நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாப்பிள்ளை

பின்குறிப்பு: தலைமையாசிரியர் கடைக்கு வந்திருக்கிறார். கோட்டோடு சட்டையையும், சட்டையோடு பனியனையும் சேர்த்துத் தைத்திருக்கிறேன். மதியத்திலிருந்து கழற்றிப் பார்த்தாராம். தையல் உறுதியாக இருக்கிறது.