படுத்தவனை எழுப்பிய நர்சம்மா மீது ஒரு புகார்

உத்திரமேரூர்,
12-10-1983

சிரஞ்சீவி மைத்துனர் கோபாலுக்கு, உன் அக்காள் புருஷன் தாண்டவராயன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு உன் அக்காள் சுலோச்சனாவும் மாடுகன்றுகளும் சௌக்கியம். என் சௌக்கியத்தை என்னாலேயே நம்ப முடியவில்லை.

வயிற்றில் புற்று, இனி வைத்தியமில்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் கைவிரித்ததும் நான் மரியாதையாகப் படுத்துவிட்டேன். உயிர் இழுத்துக்கொண்டிருக்க, மண்ணாசைதான் காரணம் என்று வழக்கப்படி நீ என் வயல் மண் என்று நினைத்துக் கரைத்து வாயில் ஊற்றினாய். பட்டணத்தில் இருப்பவன், பாவம், பக்கத்து வயலில் அள்ளிவிட்டாய். "டேய், இது சுப்பிரமணி வயலு மண்ணுடா, உவரு கரிக்குது" என்று நான் எழுந்து உட்கார்ந்ததுதான் தப்பு. வலிக்கு மருந்து கொடுக்க வந்த நர்சம்மா ஞானசுந்தரி அதைப் பார்த்துவிட்டார்.

"உக்கார முடிஞ்சா நிக்கவும் முடியும் ஐயா. நோவு போவாது, நான் பொய் சொல்ல மாட்டேன். அதுக்காவ இன்னாத்துக்குப் படுத்துக்கினே இருக்கணும்? மனசுல இன்னா ஆசை கீது, சொல்லுங்க" என்றார். நடவு அன்று என் வரப்பில் என் காலால் நிற்க வேண்டும் என்று வாய்தவறிச் சொன்னேன். அன்று பிடித்தது சனி. மூங்கிலில் ஓர் ஊன்றுகோல் செய்து கொடுத்து நடக்கச் சொன்னார். முதல் நாள் எட்டு அடி. மாட்டின் மேல் சாய்ந்தேன், மாடு நகர்ந்துவிட்டது. மூச்சு வாங்கினால் உட்கார வழியெல்லாம் முக்காலி போட்டார். என்னைக் கடைசியாகப் பார்க்க வருகிறவர்கள் அவற்றில் உட்கார்ந்து அழுகிறார்கள், நான் நின்றுகொண்டே ஆறுதல் சொல்கிறேன். குளிக்கத் தண்ணீர் கேட்டால் உன் அக்காள், "நர்சம்மா சொல்லிகீறாங்க, நீங்களே மொண்டு ஊத்திக்கங்க" என்கிறாள். சொல்லிவிட்டுத் திரும்பி நின்று சிரிக்கிறாள். அவள் சிரித்து ஆறு மாதமாயிற்று என்பதால் சும்மா விட்டேன்.

வலி இருக்கிறது கோபால். பயமும் இருக்கிறது. நடுவழியில் விழுந்தால் ஊரே என்னைத் தூக்கிவரும். அந்த மானக்கேடு வேண்டாம். இனி ஓர் அடியும் வைக்க மாட்டேன். நீ ஞாயிறன்று வந்து அந்த அம்மாளிடம் கண்டித்துப் பேசு.

உன் வீட்டார் அனைவரும் நடக்கச் சொல்ல ஆளில்லாமல் நீடூழி வாழ என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தாண்டவராயன்

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் நடவு வந்துவிட்டது. நேற்று நான்கு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து வரப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். நடவுக்கு வந்த செங்கேணி ஒரு நாற்று முடியை நீட்டினாள். எனக்குக் குனிய வரவில்லை, உன் அக்காள் வாங்கி நட்டாள். நான் நின்றேன். அழவும் அழுதேன். அறுப்புக்கு இருப்பேனா என்று நர்சம்மாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்து எதுவரை நடக்கலாம் என்றுதான் கேட்டேன். அதனால் நீ கண்டிக்க வர வேண்டாம், சும்மா வா. பஸ்ஸை விட்டு இறங்கினதும் அங்கேயே நில். கொஞ்சம் நேரமாகும், நான் வந்து அழைத்துப்போகிறேன்.