மொட்டைமாடியில் அண்டாவோடு ஐம்பது நிமிடம்

மின்சாரத்தில் ஓடும் எந்தப் பொருளுக்கும் எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: அணைத்துவிட்டுத் திரும்பப் போடுவது. மிக்ஸிக்கும் அதேதான், பம்புசெட்டுக்கும் அதேதான். இந்த ஞானத்தை நம்பித்தான் என் மகள் கயல் தன் எதிர்காலத்தை ஒரு காலைப்பொழுது என்னிடம் ஒப்படைத்தாள். (பாவம், அவளுக்கு வேறு அப்பா இல்லை.)

பத்து மணிக்கு ஆன்லைனில் கடைசிச் சுற்று இன்டர்வியூ. பெங்களூர் கம்பெனி. எங்கள் ஊருக்குக் கேபிள் வராது. சிம் போட்ட ரௌட்டர்தான். வீட்டுக்குள் ஒரே ஒரு கோடு சிக்னல். “உசரத்துல வச்சா பிச்சுக்கிட்டு வரும்” என்று, முந்தின நாளே அதை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் கட்டிவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டேன். ஐந்து கோடும் எரிந்தது.

ஒன்பதரைக்குக் கீழிருந்து சத்தம். “அப்பா, மறுபடி போயிடுச்சு!”

அணைத்துப் போட்டேன். வந்தது. மூன்று நிமிடத்தில் போனது. சிம்மை உருவி வேட்டியில் துடைத்துச் செருகினேன். பதற்றத்தில் தலைகீழாகச் செருகிவிட்டேன் போல, இருந்த கோடும் போனது. (ரௌட்டரைக் கும்பிட்டுக் கெஞ்சியதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.)

என் மனைவி மல்லிகா மேலே வந்தாள். எங்கள் வயலும் தண்ணீரும் அவள் நிர்வாகம். சிம்மைச் சரியாகப் போட்டு, ரௌட்டரின் விவரப் பக்கத்தை என் போனில் திறந்து உற்றுப் பார்த்தாள்.

“என்னங்க, டவர் நம்பர் மாறிக்கிட்டே இருக்கு? அது மாறுறப்பதான் நெட்டு போவுது.”

நிமிர்ந்து பார்த்தோம். வடக்கே நன்னிலம் பக்கம் ஒரு டவர், தெற்கே கூத்தாநல்லூர் பக்கம் ஒரு டவர். நடுவில் மறைக்க ஒரு மேடுகூட இல்லை. ரௌட்டர் இங்கொரு கால் அங்கொரு கால் என்று தவித்துக்கொண்டிருந்தது.

“ரெண்டு வாய்க்கா ஒரே வயல்ல பாயுது. ஒண்ண அடைங்க.”

“எதால? மம்பட்டியாலயா?”

“பேசாம இருங்க.”

கீழே போய்ப் பெரிய அலுமினிய அண்டாவைத் தூக்கிவந்து தெற்குப் பக்கம் பிடித்தாள். நம்பர் அப்படியே நின்றுவிட்டது!

எனக்குப் புல்லரித்தது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று, அத்தனை பச்சை வயலையும் தாண்டி வந்து எங்கள் வீட்டு அண்டாவில் முட்டி நிற்கிறது. (மல்லிகாவைப் பார்த்தும் புல்லரித்தது. அதை இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.)

ஆடிக் காற்று அண்டாவை நிற்கவிடவில்லை. அதனால் நான் நின்றேன். ஐம்பது நிமிடம், வெயிலில், தலைக்கு மேல் அண்டாவைத் தூக்கிப் பிடித்தபடி. பக்கத்து வயலில் களையெடுத்த பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள்.

“அண்ணே, என்ன வேண்டுதலு?”

கீழே இன்டர்வியூ, வாய் திறக்க முடியாது. பரிதாபமாகத் தலையை ஆட்டினேன். அவர்களில் செல்வி என்பவள் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கயலுக்கு வேலை கிடைத்தது. மறுவாரம் செல்வி வாசலில் நின்றாள்.

“அண்ணே, நம்ம பொண்ணுக்கும் வெள்ளிக்கெழம இன்டர்வியூ. எந்தச் சாமின்னு சொல்லுங்க. அண்டாவையும் குடுங்க.”

டவர், சிக்னல் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

“அதெல்லாம் சரிண்ணே. எந்தப் பக்கம் பாத்துப் புடிக்கணும்?”

“தெக்க” என்றேன்.

அவள் மகளுக்கும் கிடைத்துவிட்டது. அதன்பிறகு அந்த அண்டா எங்கள் வீட்டில் தங்குவதே இல்லை. வருகிற தையில் அதில் பொங்கல் வைப்பதற்காக, மல்லிகா இப்போதே நான்கு வீட்டில் சொல்லிவைத்து முறை வாங்கியிருக்கிறாள்.