ஏழாம் நம்பர் வளையம்

மூன்றாவது முறையாக நிர்மலாதேவி அந்த எஃகு வளையத்தை அளந்தாள். கனம் பன்னிரண்டு மில்லிமீட்டர். ஜனவரியில் மாட்டியபோதும் பன்னிரண்டுதான். மூன்று மாதம் இரவு பகலாகச் செம்பனைக் குலைகளை இழுத்த இயந்திரத்தில் கிடந்தது, மயிரிழைகூடத் தேயவில்லை.

"என்னம்மா, நல்லாத்தானே இருக்கு?" என்றார் சாமிக்கண்ணு. மெர்லிமா ஊருக்கு அப்பால் இருக்கும் அந்தச் செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பத்திரண்டு வருஷமாக ஃபிட்டர்.

"ரொம்ப நல்லா இருக்குண்ணே. அதான் பிரச்சனை."

"நல்லா இருந்தா எப்படிம்மா பிரச்சனை ஆகும்?"

அதை விளக்க அவளுக்குத் தெம்பில்லை. பல்கலைக்கழகத்தில் அவள் வேலையே அதுதான். இரும்பும் இரும்பும் உரசினால் எவ்வளவு சூடாகும், எவ்வளவு தேயும், நடுவில் என்ன இரசாயன மாற்றம் நடக்கும் என்று கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பது. புது வகை எஃகில் செய்த இந்த வளையம் மாதத்துக்கு 0.4 மில்லிமீட்டர் தேயும் என்று கணினி சொல்லியிருந்தது. உண்மையில் அவ்வளவு தேய்கிறதா என்று பார்க்கத்தான் ஏழாம் நம்பர் குத்தி இங்கே மாட்டியிருந்தார்கள். உடைந்தால் மாற்ற, நம்பர் குத்தாத ஐந்து வளையங்கள் ஒரு பெட்டியில் ஆலை ஸ்டோரில் இருந்தன.

கணினியும் ஆலையும் ஒத்துப்போனால் அவளுடைய ஒப்பந்தம் நீளும். இல்லையென்றால் ஜூன் முப்பதோடு முடியும். முடிந்தால் பழைய எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைக்கே போக வேண்டும். அங்கே பதினோரு வருஷம் எட்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்து இரண்டு முழங்காலும் போயிருந்தன. உள்ளே தேய்ந்துவிட்டது, இனி நிற்கிற வேலை ஆகாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அதைக் கண்டுபிடிக்க அவருக்குக் கணினி தேவைப்படவில்லை.

"படியில பாத்து எறங்குங்க. கைப்பிடியத் தொடாதீங்க, பெயிண்ட் இன்னும் காயல," என்றார் சாமிக்கண்ணு.

அவள் வரும் நாளில் எல்லாம் மஞ்சள் பெயிண்ட் ஈரமாகத்தான் இருக்கும். வளையத்துக்கும் அதே கவனிப்புதான். அவள் வருவதற்குள் அவரே கழற்றி, எண்ணெய் போகத் துடைத்து, துவைத்த துண்டின்மேல் வைத்திருப்பார். முதல் நாளே அவரிடம் சொல்லியிருந்தாள். "இது எவ்வளவு தேயுதுங்கறத வச்சுத்தாண்ணே என் வேலையே இருக்கு." அவர் வளையத்தைப் பார்த்தார், அவள் முழங்காலைப் பார்த்தார், தலையாட்டினார்.

ஆலைக் கேண்டீனில் முத்தாயி பால் இல்லாத தே-ஓ வைத்தாள். காற்றாடிக்குப் பிளாஸ்டிக் விரிப்பு பறக்காமல் இருக்க, மேசையின் மூன்று மூலையில் ஆலையில் கழித்த இரும்பும் நாலாவது மூலையில் சாஸ் புட்டியும் இருந்தன.

"மூஞ்சி ஏன் புள்ள இப்படி இருக்கு?"

"தேய மாட்டேங்குதுக்கா."

"நமக்குத்தான் எல்லாம் தேயுது," என்று முத்தாயி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் பல்கலைக்கழகத்தில் டாக்டர் ஹரிதாஸ் அறிக்கையைப் பார்த்தார். அவர்தான் ஆய்வுக்குத் தலைவர். ஆலைப் பக்கம் ஒரு தடவைகூடப் போனதில்லை.

"மெஷின் பொய் சொல்லாது நிர்மலா. உங்க மாடல்லதான் எங்கியோ மிஸ்டேக். மணல் நெறைய போட்டிருக்கீங்க."

"லாரியில வர்ற குலையெல்லாம் மணலோடதான் சார் வருது."

"கொறைங்க லா."

கணினிக்குள் மணலைக் குறைத்தாள். பாதி தேய்மானம் போனது. மீதியைப் போக்க எண்ணெயை ஊற்றினாள். இப்போது கணினியில் எல்லாமே வழுக்கியது. தண்டு சுற்றியது, குலைகள் நின்ற இடத்திலேயே நின்றன. ஓடாத ஆலையில் எதுவும் தேயவில்லை. அதற்குச் சிமுலேஷன் எதற்கு என்று அவளுக்கே தோன்றியது.

எண்ணெயை வடித்துவிட்டு இரசாயனத்துக்குப் போனாள். செம்பனை எண்ணெயில் இருக்கும் அமிலம் இரும்போடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு மெல்லிய படலம் உண்டாக்கும், அந்தப் படலம் இரும்பைக் காக்கும் என்று எழுதினாள். கணினி பதினொரு நாள் ஓடியது. அறையில் குளிர்சாதனத்தை அதற்குத் திருப்பிவிட்டு இவள் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பன்னிரண்டாம் நாள் விடை வந்தது. வளையம் தேயவில்லை. வளர்ந்திருந்தது. படலத்தின்மேல் படலம் ஏறி, ஆகஸ்டு மாதத்தில் லாரி டயர் அளவுக்கு வரும் என்றது கணினி.

"இன்ட்ரஸ்டிங்," என்றார் ஹரிதாஸ். "ஒரு லிமிட் போடுங்க."

படலத்துக்கு ஒரு வரம்பு கட்டினாள். உரசினால் உதிரும், உதிர்ந்த அளவே வளரும். தேய்மானம்: பூச்சியம்.

மே மாதம் ஆலைக்குப் போய் அளந்தாள். பன்னிரண்டு. கேண்டீனில் நாலாவது மூலைக்கும் இரும்பு வந்திருந்தது. சாஸ் புட்டி சாப்பாட்டு வேலைக்குத் திரும்பியிருந்தது.

கணினியும் ஆலையும் ஒத்துப்போய்விட்டன. ஹரிதாஸ் நாற்காலியை விட்டு எழுந்து கை கொடுத்தார். தன்னைத்தானே காத்துக்கொள்ளும் எஃகு என்று கட்டுரைக்குத் தலைப்பும் வைத்துவிட்டார். ஆலை மேனேஜருக்கு ஒரு நகல் போனது.

நிர்மலாதேவிக்குச் சந்தோஷம் வரவில்லை. மணலை எடுத்து, எண்ணெயை ஊற்றி வடித்து, படலத்துக்கு வேலி போட்டு, விடையைப் பார்த்துக்கொண்டேதான் கணக்குப் போட்டிருந்தாள். ஆனால் எட்டு மணி நேரம் நிற்பதை நினைத்தாள். அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள்.

ஜூன் முதல் திங்களன்று ஆலைக்குப் போனபோது ஒப்பந்தக் கடிதம் பையில் இருந்தது. வளையம் பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டாள். சாமிக்கண்ணு வழக்கம்போல் இல்லை.

"மேனேஜர் ஒங்க பேப்பரப் பாத்தாராம்மா. இந்த இரும்பு தேயாதாம். எல்லா மெஷினுக்கும் இதையே போடப் போறாராம். வளையம் மாத்தற ஓ.டி. காசு இனிமே எங்களுக்கு இல்லன்னு சொல்லிட்டாரு."

"அண்ணே, நான் அதுக்காக எழுதல."

"தெரியும்மா. அத விடுங்க. ஒங்க கொந்திராக் என்னாச்சு?"

"கெடச்சிருச்சுண்ணே. இன்னும் ஒரு வருஷம்."

"ஒரு வருஷமா?" அவர் முகம் சுருங்கியது. "அப்ப மாசாமாசம் வந்து அளப்பீங்களா?"

"ஆமாண்ணே. பன்னெண்டு தடவ."

சாமிக்கண்ணு பக்கத்தில் இருந்த எண்ணெய் டிரம்மின்மேல் மெதுவாக உட்கார்ந்தார். ஓ.டி. போன கவலைதான் என்று நினைத்துக்கொண்டு அவள் கேண்டீனுக்கு நடந்தாள்.

முத்தாயி தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக் வைத்தாள். மிளகாய்ச் சம்பால் ஒரு சொட்டு மேசை மூலையில் இருந்த இரும்பின்மேல் விழுந்தது. நிர்மலாதேவி அதைத் துடைக்க எடுத்தாள். உள்பக்கம் தேய்ந்த எஃகு வளையம். விளிம்பில் ஏழு என்று குத்தியிருந்தது.

அடுத்த மூலையில் இருந்ததை எடுத்தாள். ஏழு. மற்ற இரண்டிலும் ஏழு. டிஷ்யூ கட்டின்மேல் புதிதாக ஒன்று உட்கார்ந்திருந்தது. அதுவும் ஏழு. ஒவ்வொரு ஏழும் ஒவ்வொரு மாதிரி கோணலாக இருந்தது.

பையிலிருந்து வெர்னியரை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தாள். பதினொன்று புள்ளி ஆறு. பதினொன்று புள்ளி ஆறு. ஐந்துமே பதினொன்று புள்ளி ஆறு. மணலோடு, யாரும் தொடாத கணக்கில், ஜனவரியில் கணினி முதன்முதலாகச் சொன்ன அதே 0.4.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. காற்றாடிக்கு விரிப்பு நாலு பக்கமும் படபடத்தது.

"அக்கா," என்றாள். "இதெல்லாம் ஏதுக்கா?"

முத்தாயி வந்து விரிப்பை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சாமிக்கண்ணு குடுத்ததுதான் புள்ள, நீ வர்றதுக்கு மொத நாளு தேஞ்சதக் கழட்டிட்டு, பெட்டியில இருக்கற புதுசுக்கு நம்பர் குத்தி மாட்டி வைப்பாரு, இது தேஞ்சா அந்தப் பொண்ணுக்கு வேல போயிருமாம், இப்ப பெட்டி காலியாம், அடுத்த மாசம் எத மாட்டறதுன்னு ரெண்டு நாளா மனுசனுக்குச் சோறே எறங்கல."