ஊம் கொட்டப் பட்டணம் போன ஆமாங்கண்ணன்

மல்லசமுத்திரத்தில் அந்தக் காலத்தில் நடந்த பேச்சில் பாதி ஆமாங்கண்ணனுடையது. இத்தனைக்கும் அவர் பேசவே மாட்டார். யார் எதைச் சொன்னாலும், வாக்கியத்துக்கு ஒரு "ஆமாங்க" போடுவார். எதிரே இருப்பவர் ஊம் கொட்டாவிட்டால் எங்கள் பக்கத்தில் பேசுகிறவருக்குக் கோபம் வந்துவிடும் என்பது வாஸ்தவம்தான். ஆனால் அண்ணன் அதை ஒரு விரதமாகவே வைத்திருந்தார். வாசலில் நின்று திட்டுகிறவனுக்கும் "ஆமாங்க"தான். எத்தனை நேரம்தான் திட்டுவான்? தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விடுவான்.

அவருக்கு வெல்ல வியாபாரம். நான் பக்கத்து வீட்டில் குடியிருந்த பள்ளிக்கூட வாத்தியார். காப்பிக் கடைக்குக் கிராமபோன் வந்த புதிதில், பட்டணத்து வித்வான் ஒருவரின் தட்டைத் தினமும் வைப்பார்கள். அண்ணன் கிராமபோன் குழாய்க்கு நேராக உட்கார்ந்து அதற்கும் "ஆமாங்க" சொல்லுவார்.

என் வாய் சும்மா இருந்ததா? "இந்த வித்வான் மேடையேறினாக் கண்ண மூடிக்குவாருங்களாம். கச்சேரி முடியறவரைக்கும் ஆரையும் பாக்கமாட்டாருங்களாம்" என்றேன்.

அண்ணன் முகம் வாடிவிட்டது. "அட சாமி! அப்ப அவுரு பாட்டுக்குத் தனியாவா பேசிக்கிட்டிருக்கறாரு? கேக்கறதுக்கு ஆளிருக்குதுன்னு அவுருக்குத் தெரியோணுமுங்களே! பொறப்படுங்க வாத்தியாரே, போயி ஊம் கொட்டிட்டு வந்தரலாம்."

சேலத்தில் ரயிலேறினோம். வழியில் அண்ணன் வேட்டியைச் சரிசெய்ய எழுந்த சமயம் பார்த்து ஒரு தடித்த மனிதர், "இந்த இடம் காலிதானே?" என்றார். "ஆமாங்க" என்றார் அண்ணன். பட்டணம் வரை நின்றுகொண்டே வந்தார். உட்கார்ந்தவர் சொன்ன பங்காளிச் சண்டைக் கதை முழுவதற்கும் நின்றபடியே ஊம் கொட்டினார்.

சபாவில் இரண்டாவது வரிசை கிடைத்தது. மெலிந்த வித்வான் கண்ணை மூடி ராகத்தைத் தொடங்கினார். ஒரு பிடி பாடி நிறுத்தியதும் மண்டபமே மூச்சடக்கி இருந்தது.

"ஆமாங்க!"

எல்லாத் தலைகளும் திரும்பின. பக்கத்தில் இருந்த ஜரிகை அங்கவஸ்திரக்காரர், "ஓய், சந்தைக்கடைன்னு நெனச்சீரா?" என்று சீறினார். சபா ஆள் ஓடிவந்து, "இன்னொரு சத்தம் வந்தா வெளியே அனுப்பிடுவேன்" என்று எச்சரித்துவிட்டுப் போனான்.

"தப்புங்களா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, அண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மனிதர் இத்தனை தூரம் வந்ததே இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே!

வித்வான் அடுத்த பிடியைப் பாடி நிறுத்தினார். அமைதி. அதையே திரும்பப் பாடி மறுபடியும் நிறுத்தினார். பிறகு, மெதுவாகக் கண்ணைத் திறந்தார்.

"யாரோ பேசிண்டிருந்தாரே, போயிட்டாரா?"

அண்ணன் துண்டை எடுத்துவிட்டு எழுந்து நின்றார். "இல்லீங்க சாமி, இங்கதானுங்க இருக்கறேன்."

"அப்போ சொல்லிண்டே இருங்கோ. துணையா இருக்கு."

அதன்பின் அன்றைக்கு வித்வான் கண்ணை மூடவே இல்லை. எங்கள் அண்ணனைப் பார்த்துப் பார்த்துப் பாடினார். பாட்டுக்குப் பாட்டு அண்ணனும் பதில் சொன்னார். யாரும் "உஷ்" என்று சொல்லவில்லை.

ஜரிகைக்காரர் என் பக்கம் சாய்ந்து, "யார் ஓய் இவர்? உமக்குத் தெரிஞ்சவரா?" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "எங்கூடப் பொறந்த அண்ணனுங்க" என்று வந்துவிட்டது.