மஸ்டர் மாமு எண்ணிய தலைகள்

தரைமேல் நின்ற வீட்டை மூழ்கிவிடாமல் காப்பாற்றிய மனிதர் சென்னப்பட்டணத்தில் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் மஸ்டர் மாமுதான். கடலில் போகும் கப்பலைக் கவனிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ராயபுரத்தில் பன்னிரண்டு குடித்தனங்களை அடைத்து வைத்திருந்த ஒரு மாடி வீட்டைக் கவனிக்க யார் இருந்தார்கள்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் எனக்குத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. அந்த வீட்டில் மாடியில் ஒரு அறை. ரங்கூன் போகும் பயணிகள் கப்பலில் இருபது வருஷம் பட்லராக இருந்துவிட்டு, மாமு மாடிப்படிக்கு அடியிலிருந்த அறைக்குக் குடிவந்தார். பெண்டாட்டி, பிள்ளை, ஒட்டு உறவு ஒன்றும் கிடையாது. ஒரு தகரப்பெட்டி, ஒரு விசில், கடலில் விழுந்தால் மிதக்க வைக்கும் தக்கை அங்கி ஒன்று. அந்த அங்கியைச் சட்டைமேல் மாட்டிக்கொண்டுதான் கறிக்கடைக்குப் போவார். மழை நாளில் கேட்கவே வேண்டாம், தூங்குவதும் அதோடுதான்.

கப்பலில் ஆபத்து வந்தால் ஏழு தரம் குட்டையாகவும் ஒரு தரம் நீளமாகவும் ஊதுவார்கள். பயணிகள் கையிலிருப்பதைப் போட்டுவிட்டுத் தங்களுக்குக் குறித்த இடத்தில் போய் நிற்க வேண்டும். அங்கே தலை எண்ணுவார்கள். இதற்குப் பெயர் மஸ்டர். குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே மாமு வாசலில் நின்று ஏழு குட்டை, ஒரு நெட்டை ஊதினார். ஐஸ்காரன் வந்துவிட்டான் என்று நினைத்து நாலு குழந்தைகள் மட்டும் ஓடிவந்தன.

மனிதர் சளைக்கவில்லை. தெருவின் எதிர்ச்சுவரில் சுண்ணாம்பால் ஆறு கட்டம் போட்டார். ஒவ்வொரு கட்டமும் ஒரு படகு, மாமுவின் வாயில் 'போட்டு'. எந்தக் குடித்தனம் எந்தப் படகு என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். வாசலில் ஒரு சிலேட்டை மாட்டி, வீட்டிலிருந்த நாற்பத்தோரு பேரின் பெயரையும் எழுதினார்.

அடுத்த வாரம் எல்லோரும் வேடிக்கைக்காகவாவது கிளம்பினோம். பெண்களும் குழந்தைகளும் முதலில் இறங்க வேண்டும் என்பது கப்பல் சட்டம். படிக்கட்டில், மாடியில் குடியிருந்த லூர்தம்மாளின் மருமகள் ரோசி முதல் படியில் கால் வைத்தாள். வந்தது வினை.

"இன்னாடி இது! மாமியாக்காரி நான் நின்னுகினு கீறேன், நீ முன்னால எறங்குவியா?" என்று லூர்தம்மாள் இரண்டு கையையும் விரித்துப் படியை மறித்துவிட்டாள். பின்னால் முப்பது பேர். கால்மணி நேரம் ஒரு ஈ காக்கை இறங்க முடியவில்லை.

மாமு கீழேயிருந்து கூவினார்: "யம்மா லூர்து, ஒனக்கு ஒண்ணாம் நம்பர் போட்டு. ஒம் மருமவளுக்கு ஆறாம் நம்பர். கப்பலே முழுவுனாலும் நீங்க ரெண்டு பேரும் வேற வேற போட்டுலதாம்மா பொயைப்பீங்க!"

லூர்தம்மாள் கையை இறக்கினாள். "அப்டீன்னா சரி."

அன்றிலிருந்து அவள் ஒரு ஞாயிறும் தவறியதில்லை. குடும்பச் சண்டைக்கு இப்படி ஒரு தீர்ப்பு எந்தக் கோர்ட்டிலும் கிடைத்திருக்காது.

இன்னொரு சட்டம், 'தீ' என்று கத்தக் கூடாது. "கத்துனா பாசஞ்சரு பேஜாராயி கடல்ல குதிச்சிருவான் நைனா. நாங்க பட்லருங்க 'சூப்பு கொதிக்குது'ன்னு எங்களுக்குள்ள சொல்லிக்குவோம்" என்றார் என்னிடம். பாவம் லூர்தம்மாள், ஒரு நாள் மகனுக்கு ஆட்டுக்கால் சூப்பு வைத்துவிட்டு, கொதிக்கிறது பார் என்று மருமகளிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்த நிமிஷம் ஒரு வாளி மணல் சட்டிக்குள் விழுந்தது. அன்று மாமுவைத் துடைப்பத்தோடு தெருக்கோடி வரை துரத்தினாள். நானும் பார்த்துச் சிரித்தேன் என்பதை இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டுக்காரருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. வாராவாரம் நாற்பது பேர் தடதடவென்று இறங்கினால் மரப்படிக்கட்டு எத்தனை நாள் தாங்கும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரிலேயே வந்துவிட்டார். "சாயங்காலத்துக்குள்ளே நீ அறையைக் காலி பண்ணணும். இது வீடு, உன் கப்பல் இல்லே."

மாமுவின் முகம் செத்துப்போயிற்று. போக அவருக்கு வேறு இடம் கிடையாது. ஆனாலும் பலப்பத்தை எடுத்தார். நாற்பத்தோரு பெயருக்குக் கீழே வீட்டுக்காரர் பெயரை எழுதினார்.

"காலி பண்ணுன்னு சொல்ல வந்தா என் பேரையா எழுதறே?"

"கப்பல்ல காலு வெச்ச ஆளை எழுதணும் மொதலாளி. நீங்க எறங்குனதும் அயிச்சிட்றேன்."

வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, மாடியில் தமக்கென்று பூட்டி வைத்திருந்த கோடி அறைக்குப் போய்ப் படுத்தார். பகல் சாப்பாடு முடிந்திருக்கும், பக்கத்துக் கயிற்றுக் கிடங்கிலிருந்து புகை கிளம்பியது. மாமு விசிலை எடுத்தார். ஏழு குட்டை, ஒரு நெட்டை.

எங்கள் கால்கள் தாமாகவே நடந்தன. குழந்தைகள், பெண்கள், பிறகு நாங்கள். யாரும் கத்தவில்லை, யாரும் முட்டிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டுக் கூரை பற்றியபோது நாங்கள் எதிர்ச்சுவரில் அவரவர் கட்டத்துக்கு முன்னால் நின்றிருந்தோம். மாமு சிலேட்டோடு எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"ஒண்ணு கொறையுது. மொதலாளி எறங்கல."

சிலேட்டை என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினார்.

நான் பெயர்களைப் பார்த்தேன். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. நாற்பத்திரண்டு பெயரில் மாமுவின் பெயர் இல்லை. எங்கள் எல்லோரையும் எழுதியவர் தம்மை எழுதவே இல்லை. அவர் திரும்பி வராவிட்டாலும் சிலேட்டுக் கணக்கில் ஒரு தலை குறையாது. அதை எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். நான் சொன்னதைக் கேட்ட லூர்தம்மாள் ஒண்ணாம் படகை விட்டு நேரே ஆறாம் படகுக்குப் போய் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

படிக்கட்டு பற்றும் நேரத்தில் புகைக்குள்ளிருந்து இரண்டு உருவங்கள் வந்தன. இருமிக்கொண்டே வந்த வீட்டுக்காரரின் மார்பில் தக்கை அங்கி, முடிச்சுகள் எல்லாம் முறைப்படி கட்டியிருந்தன. நெருப்பிலிருந்து காப்பாற்றும்போதும் மனிதர் சட்டத்தை விடவில்லை!

"மஸ்டரு கம்ப்ளீட்டு!" என்றார் மாமு. அன்று தெரு போட்ட சத்தத்தில் துறைமுகச் சங்கே அடங்கியிருக்கும்.

தீயணைப்பு வண்டி வந்து அணைத்தது. படிக்கட்டும் இரண்டு அறையும் போயின. உயிர் ஒன்றும் போகவில்லை. வீட்டுக்காரர் அங்கியைக் கழற்றாமலே மாமுவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"படிக்கட்டை இரும்பிலே போட்டுடலாம்" என்றார் மெல்ல. "ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு ஊதுவே? நானும் வரணுமே."

மாடிக்கு வழியில்லாமல் அன்றிரவு வாசலில் படுத்தெழுந்து, மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும் முன் சிலேட்டில் மாமுவின் பெயரை எழுத உட்கார்ந்தேன். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியவில்லை. வீடு முழுக்கக் கேட்டுப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. 'எங்கள் மாமு' என்று எல்லோருக்கும் மேலே எழுதிவிட்டுப் போனேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது அவர் அதை அழித்திருக்கவில்லை.